டி. ரெக்ஸின் மூளையை விட அதன் காதை நம்புகிறேன்

ஒரு நாள் விடியற்காலையில் இடது பக்கமாகப் புரண்டு படுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அறை மொத்தமும் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது, கண்ணை இறுக மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றியது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூளையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அரை நிமிடத்தில் நின்றது. எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்துப் பார்த்தேன், மறுபடி சுற்றியது. மாலையில் டாக்டரிடம் போனால், அவர் என்னை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, என் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ஆடுது பாருங்க. காதுல கல்லு நகர்ந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றார். நான் பயந்தது மூளையை நினைத்து, கோளாறு இருந்தது காதில், அது தெரிந்ததோ கண்ணில்.

விஷயம் இதுதான். உட்செவியில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பசைப் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று உடம்புக்குச் சொல்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றில் சில கழன்று பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலை நின்ற பிறகும் 'இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறோம்' என்று அந்தக் குழல் தகவல் அனுப்பும், கண்ணும் அதை நம்பி ஈடுகட்டப் பார்க்கும். தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பித் துகளை வந்த வழியே வெளியேற்றிவிடலாம். எனக்கு இரண்டு முறையில் தலைசுற்றல் போய்விட்டது, ஆர்வம் போகவில்லை. அந்தக் குழல்களைப் பற்றிப் படிக்கப் போய், மனிதக் காதிலிருந்து பறவைக் காது, அங்கிருந்து முதலைக் காது என்று தாவித் தாவி, ஒரு நள்ளிரவில் டைரனோசாரஸ் ரெக்ஸின், அதாவது டி. ரெக்ஸின் உட்செவிப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதே மூன்று குழல்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மிருகத்துக்கும் இப்படித் தலை சுற்றியிருக்கலாம் என்று நினைத்ததும் அதன் மேல் ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

டைனோசர் மூளை என்று பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு புத்திசாலி? குரங்கு அளவுக்கா, முதலை அளவுக்கா? சில மாதங்கள் இதிலேயே கிடந்து படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, நம் கையில் இருக்கும் சான்று மிக மோசமாகப் பதில் சொல்லும் கேள்வியே அதுதான். அதே மண்டையோட்டில், கொஞ்சம் பின்னால், உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவில் இன்னொரு குழிவு இருக்கிறது. அதனிடம் சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்டால் ஓரளவு நேர்மையாகப் பதில் வருகிறது. தலையை எவ்வளவு வேகமாகத் திருப்பியது, எந்த மாதிரி ஒலி அதற்குக் கேட்டது, இந்த மாதிரி. எனக்கு இப்போதெல்லாம் இந்தக் கேள்விகள்தான் பிடித்திருக்கின்றன.

முதலில், மூளை கல்லாவதில்லை. மென்மையான திசு, செத்த சில நாட்களில் கரைந்துவிடும். விதிவிலக்கு போல ஒன்று உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் கடற்கரையில் 2004இல் கிடைத்த ஒரு பழுப்புக் கூழாங்கல், இகுவானடான் வகைத் தாவர உண்ணி ஒன்றின் மூளைப் பகுதி என்றும், அதில் மூளையுறைகளும் ரத்தத் தந்துகிகளும் கனிமமாகப் பதிந்திருக்கின்றன என்றும் 2016இல் அறிவித்தார்கள். அமிலத்தன்மை மிகுந்த சதுப்பு நீரில் தலை கவிழ்ந்து கிடந்து ஊறியிருக்கலாமாம். பெரிய ஊனுண்ணிகள் எதிலும் அப்படி ஓர் அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. அவற்றில் நமக்குக் கிடைப்பது மூளை இருந்த இடம் மட்டும், அதாவது எலும்புக்குள் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வண்டல் புகுந்து இறுகினால் இயற்கையே ஒரு வார்ப்பு செய்துகொடுத்துவிடும், இல்லையென்றால் நாமே செய்துகொள்ள வேண்டும். இதைத்தான் மூளை வார்ப்பு என்கிறார்கள். பெயரிலேயே ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது, ஏனென்றால் அது மூளையின் வார்ப்பு இல்லை, மூளை குடியிருந்த அறையின் வார்ப்பு.

அந்தக் காலத்தில் அதைச் செய்த விதம் கொஞ்சம் கொடூரமானது. டி. ரெக்ஸுக்கு 1905இல் பெயர் வைத்த ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன், நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மூளைப்பெட்டியை நடுவில் இரண்டாக அறுக்கவைத்து, உள்ளே வார்ப்பெடுத்து, 1912இல் வெளியிட்டார். கல்லாகிப்போன எலும்பை ரம்பத்தால் அறுப்பதை இன்று நினைத்தாலே யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் வேறு வழி என்ன இருந்தது? அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு டி. ரெக்ஸ் மூளை என்று எல்லோரும் பார்த்தது அந்த அறுவையிலிருந்து வந்த உருவத்தைத்தான்.

இந்தத் துறையைத் துறையாக ஆக்கியவர் டில்லி எடிங்கர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர், அப்பா லூட்விக் எடிங்கர் பெயர்பெற்ற மூளை ஆய்வாளர். மகள் உயிருள்ள மூளைகளை விட்டுவிட்டுப் புதைபடிவ மண்டையோடுகளின் உட்புறத்தை எடுத்துக்கொண்டார், 1929இல் அதுவரை கிடைத்திருந்த எல்லா வார்ப்புகளையும் திரட்டி ஒரு பெரிய நூல் எழுதினார். யூதர் என்பதால் நாஜிகள் காலத்தில் வேலையை இழந்து, 1939இல் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் ஹார்வர்டில் சேர்ந்தார். இளம் வயதிலிருந்தே அவருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மண்டையோட்டின் வெற்றிடங்களிலிருந்து விலங்குகளின் புலன்களைப் படித்த பெண், தன் ஒரு புலனை மெல்ல மெல்ல இழந்துகொண்டே அதைச் செய்திருக்கிறார்.

அப்புறம் சிடி ஸ்கேன் வந்தது, ரம்பத்துக்கு வேலை போனது. யூட்டாவில் கிளீவ்லாண்ட்–லாய்ட் குழியில் கிடைத்த அல்லோசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் இயற்கை மூளை வார்ப்பை ஸ்காட் ராஜர்ஸ் என்ற நரம்பியலாளர் ஸ்கேன் செய்து 1998இல் வெளியிட்டார். வடிவத்தில் அது பறவை மூளையை விட முதலை மூளைக்குத்தான் நெருக்கம் என்றார். டி. ரெக்ஸ் மண்டையோடு மருத்துவமனை எந்திரத்துக்குள் நுழையாது, நுழைந்தாலும் அந்தக் கதிர்கள் அவ்வளவு கல்லைத் துளைத்துப் போகாது. அதனால் 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்து, 1997 ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் விலைபோன 'சூ' என்ற டி. ரெக்ஸின் தலையை, போயிங் நிறுவனத்தில் எந்திர பாகங்களைச் சோதிக்கும் பெரிய ஸ்கேனருக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் நியூ மெக்ஸிகோவில் கிடைத்த பிஸ்டாஹிவெர்சர் என்ற இன்னொரு டைரனோசார் தலைக்கு லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் நியூட்ரான் கதிர்களையே பாய்ச்சிப் பார்த்தார்கள். அணு ஆயுத ஆய்வுக்குப் பேர்போன இடத்தில் டைனோசர் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால் எந்திரம் கொடுப்பது சாம்பல் நிறத் துண்டுப் படங்கள் மட்டுமே. எது எலும்பு, எது உள்ளே அடைந்த மண் என்று படம் படமாகப் பார்த்து எல்லைக்கோடு போடுவது மனிதர். கோடு தப்பினால் உறுப்பும் தப்பும். சூவின் விஷயத்தில் அப்படி ஒன்று நடந்தது. 2000இல் வந்த முதல் ஆய்வில் அதன் முகர்ச்சிக் குமிழ்கள், அதாவது மூக்கிலிருந்து வரும் வாசனைத் தகவலை முதலில் வாங்கும் மூளைப் பகுதி, நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. வாசனையிலேயே வாழ்ந்த மிருகம் என்று செய்திகள் ஓடின. லாரன்ஸ் விட்மரும் ரையன் ரிட்ஜ்லியும் 2009இல் மறுபடி பார்த்தபோது, அந்த இடத்தில் ஒரு பகுதி மூளையே இல்லை, மூக்கறையின் பின்புறம் என்றார்கள். குமிழ் சுருங்கியது. சுருங்கிய பிறகும் அது பெரியதுதான் என்பது வேறு விஷயம்.

சரி, அந்த வார்ப்பு எப்படித்தான் இருக்கிறது? நம் மூளை போல் பந்தாக இல்லை. முன்னால் நீண்ட காம்புகளில் இரண்டு முகர்ச்சிக் குமிழ்கள், அப்புறம் பெருமூளை, அங்கிருந்து கீழே வளைந்து இறங்கி, மீண்டும் நிமிர்ந்து முகுளத்தில் முடிகிறது, ஆங்கில எழுத்து எஸ்ஸை இழுத்துப் படுக்கப்போட்டது மாதிரி. அடியில் பிட்யூட்டரி ஒரு பையாகத் தொங்குகிறது. உச்சியில் ஒரு கூம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அது மூளை இல்லை, மூளையுறையும் ரத்தக் குழாய்களும் இருந்த இடம். பெருமூளையின் மேடுபள்ளங்களைத் தேடினால் ஏமாற்றம்தான், பெரிய ஊனுண்ணிகளின் வார்ப்பு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். துணி போர்த்திய நாற்காலியைப் பார்ப்பது போல, ஏதோ நாற்காலி என்று தெரியும், கால் கடைந்ததா பலகையா என்று தெரியாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பறவைகளிலும் பாலூட்டிகளிலும் மூளை அதன் பெட்டியைக் கிட்டத்தட்ட முழுதாக நிறைத்துவிடுகிறது. முதலைகளில் அப்படி இல்லை. குட்டி முதலையில் ஓரளவு நெருக்கமாக இருக்கும் மூளை, விலங்கு வளர வளரப் பெட்டி பெரிதாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கிவிடுகிறது, பெரிய முதலையில் பாதி இடத்தைக்கூட அது நிரப்புவதில்லை. மீதியெல்லாம் உறைகளும் ரத்தமும் திரவமும். சூவின் மூளைப்பெட்டிக் கொள்ளளவு 400 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். அதை முழுதாக மூளை என்று எடுத்துக்கொண்டால் ஒரு கணக்கு, மூன்றில் ஒரு பங்கு என்றால் வேறொரு கணக்கு. டி. ரெக்ஸ் இதில் பறவைக் கட்சியா முதலைக் கட்சியா? உறவுமுறைப்படி பறவைக்குப் பக்கம், வார்ப்பின் தோற்றப்படி முதலைக்குப் பக்கம். தொளதொளச் சட்டையைக் கொடியில் பார்த்து, போட்டவர் ஒல்லியா குண்டா என்று பந்தயம் கட்டுகிற கதை.

2023இல் இந்தப் பந்தயம் பெரிய அளவில் நடந்தது. சுசானா எர்குலானோ–ஹௌசல் என்ற நரம்பியலாளர், இன்றைய பறவைகளின் நியூரான் அடர்த்தியை எடுத்துக்கொண்டு, டி. ரெக்ஸின் முன்மூளையில் 220 முதல் 330 கோடி நியூரான்கள் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார். பபூன் குரங்கின் அளவு அது. கருவிகள் பயன்படுத்தியிருக்கலாம், கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டே கை காஸ்பரும் அவர் கூட்டாளிகளும் மறுத்து எழுதினார்கள். பெட்டி முழுதும் மூளை என்று எடுத்தது தப்பு, பறவை அடர்த்தியைப் பொருத்தியதும் தப்பு, ஊர்வனக் கணக்கில் போட்டால் 25 முதல் 36 கோடிதான் வரும் என்றார்கள். ஒரே எலும்பு, ஒரே குழி, விடையில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்! நான் இரண்டாவது தரப்பின் பக்கம், ஆனால் அவர்கள் எண் சரி என்பதற்காக இல்லை. நியூரான் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு விலங்கின் நடத்தையைச் சொல்லிவிட முடியாது என்று அவர்கள் வாதாடியதற்காக. இன்னொன்றும் சொல்ல வேண்டும், முதலைக்கு நிகர் என்பதை ஏதோ வசவு போல எடுத்துக்கொள்கிறார்கள். தலையில் குச்சிகளைச் சுமந்துகொண்டு, கூடு கட்டக் குச்சி தேடிவரும் பறவைக்காகக் காத்திருக்கும் முதலைகளை நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலையை முட்டாள் என்பவர் முதலையை அறியாதவர்.

இனி காதுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

உட்செவி மூளைப்பெட்டியின் பக்கச் சுவரில், எலும்புக்குள்ளேயே குடைந்த சுரங்கமாக இருக்கிறது. மேல் பாதி மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்கோணத்தில். கீழ்ப் பாதி கேட்பதற்கான காக்ளியா. பள்ளிப் பாடத்தில் அதை நத்தைச் சுருள் என்று படித்திருப்போம், ஆனால் அந்தச் சுருள் பாலூட்டிகளின் சொத்து. டைனோசர், பறவை, முதலை எல்லாவற்றிலும் அது கீழ்நோக்கி நீளும் ஒரு விரல் மாதிரிதான் இருக்கிறது. செவிப்பறையிலிருந்து ஒலியைக் கடத்த நமக்கு மூன்று குட்டி எலும்புகள், அவற்றுக்கு ஒன்றே ஒன்று, மெல்லிய குச்சி போல. முக்கியமான விஷயம், இங்கே எலும்பும் உறுப்பும் நெருக்கமாகப் பொருந்துகின்றன. முழுக்க ஒட்டி இல்லை, இருந்தாலும் மூளைப்பெட்டியோடு ஒப்பிட்டால் இது அளவெடுத்துத் தைத்தது.

குழல்கள் என்ன செய்கின்றன என்று தெரிய ஒரு சின்ன சோதனை. இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை மட்டும் 'இல்லை இல்லை' என்று வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து ஓரளவு தெளிவாகவே இருக்கும். இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இரண்டிலும் ஆட்டம் ஒன்றுதான், ஆனால் முதல் தடவை உங்கள் உட்செவி தலை திரும்புவதை உடனே கண்டுபிடித்து, கண் தசைகளை எதிர்த்திசையில் இழுக்கச் சொல்லிவிட்டது. தலை திரும்பும்போது குழலின் சுவர் திரும்பும், உள்ளே இருக்கும் திரவம் சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் பின்தங்கும், அந்தப் பின்தங்கல் ஒரு சிறு தடுப்பை வளைக்கும், அதில் வேரூன்றிய உணர்முடிகள் சாய்ந்து நரம்பைத் தட்டும். காதிலிருந்து கண் தசை வரை மூன்றே நரம்புச் செல்கள். யோசனைக்கு இடமே இல்லை. என் கண் அன்று ஆடியது இந்த வழியில்தான், தகவல் தப்பு, வேகம் மட்டும் குறையவில்லை.

இந்த இழுவை எவ்வளவு இருக்க வேண்டும் என்று சரிபார்த்துக்கொண்டே இருப்பது சிறுமூளையின் பக்கத்தில் ஃப்ளாக்குலஸ் என்ற ஒரு சின்னக் கதுப்பு. டைனோசர்களிலும் பறவைகளிலும் அது முன் அரைவட்டக் குழலின் வளையத்துக்குள் விரலை மோதிரத்தில் நுழைத்தது போலப் புகுந்து நிற்கிறது, அந்தக் குழியும் எலும்பில் பதிந்துவிடுகிறது. கண்ணையும் தலையையும் ஒத்திசைக்கும் உறுப்பின் அச்சு, பார்க்கும் யாருக்கும் தெரிகிற இடத்தில்!

விட்மரும் ரிட்ஜ்லியும் டைரனோசார் காதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இவ்வளவு பெரிய உடம்புக்கு எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. குழல்கள் நீளம், வளைவு தாராளம். கண்ணையும் தலையையும் சேர்த்து விரைவாகத் திருப்பும் விலங்குகளின் காது அது. ஏழெட்டு டன் எடை, ஒரு மீட்டரைத் தாண்டும் தலை, அதைச் சட்டென்று வெட்டித் திருப்பி இரையைப் பார்வையிலேயே வைத்திருக்கும் ஏற்பாடு. கண்ணும் இதற்கு ஒத்துப்போகிறது. கென்ட் ஸ்டீவன்ஸ் 2006இல் முகங்களின் மாதிரிகளை வைத்து அளந்ததில், டி. ரெக்ஸின் இரு கண் பார்வையும் ஒன்றின் மேல் ஒன்று விழும் பரப்பு ஏறத்தாழ 55 டிகிரி வந்தது, பருந்தை விட அதிகம். அல்லோசாரஸுக்கு 20 டிகிரி அளவில்தான். அசையாமல் நின்றால் டி. ரெக்ஸ் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்று சினிமா பார்த்து நம்பியவர்கள் எல்லோரும் இரவு உணவாகியிருப்பார்கள்.

இந்தக் காது டி. ரெக்ஸோடு வந்ததல்ல என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கதை. உஸ்பெகிஸ்தானின் கைசில்கும் பாலைவனத்தில் கிடைத்த ஒரு மூளைப்பெட்டியை வைத்து 2016இல் ஸ்டீவ் புருசாட்டி குழுவினர் திமுர்லெங்கியா யூவோடிகா என்ற புதிய டைரனோசாருக்குப் பெயர் வைத்தார்கள். முதல் பெயர் தைமூரை நினைத்து, இரண்டாவதற்கு 'நல்ல காது உடையது' என்று பொருள். 9 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, உடம்பு குதிரை அளவு, டி. ரெக்ஸுக்கு முன்னால் நிறுத்தினால் குட்டி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஸ்கேன் செய்து பார்த்தால் அதே நீண்ட காக்ளியா, அதே மாதிரி மூளை வடிவம். ஆக, பெரிய உடம்பு வந்த பிறகு புலன்கள் வளரவில்லை. புலன்கள் முதலில் தயாராகி, உடம்பு பல லட்சம் தலைமுறை கழித்து வந்து சேர்ந்திருக்கிறது.

காதிலிருந்து தலை நிற்கும் கோணத்தையும் படிக்கலாம் என்று சொல்கிறார்கள். மூன்று குழல்களில் ஒன்று கிடைமட்டமானது, விலங்கு விழிப்பாக இருக்கும்போது அது தரைக்கு இணையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மண்டையோட்டை அதற்கேற்பச் சாய்த்து முகம் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கலாம். டி. ரெக்ஸின் மூக்கு இப்படிச் சற்றே கீழ்நோக்கி வருகிறது. பிரேசிலின் இரிட்டேட்டர் என்ற டைனோசருக்கு இது இன்னும் சுவாரஸ்யம். அதன் புதைபடிவத்தை விற்றவர்கள் விலை ஏறட்டும் என்று சாந்து பூசி மூக்கை நீட்டியிருந்தார்களாம், அதைக் கண்டுபிடித்த ஆய்வாளர்களுக்கு வந்த எரிச்சலே 1996இல் பெயராகிவிட்டது. ஸ்பைனோசாரஸ் குடும்பம், நீண்ட மெல்லிய மூக்கு. மார்கோ ஷேட் குழுவினர் 2020இல் அதன் காதைப் பார்த்து, விழித்திருக்கும்போது மூக்கு 45 டிகிரி போலக் கீழே சாய்ந்திருந்தது, ஃப்ளாக்குலஸ் குழியும் நன்றாக இருக்கிறது, மூக்கைக் கீழ்நோக்கி வேகமாகப் பாய்ச்சும் விலங்கு என்றார்கள். கரையில் நின்று மீன் குத்தும் கொக்கு சட்டென்று நினைவுக்கு வருகிறது இல்லையா? எனக்கும் வந்தது, ஆனால் அந்த இடத்தில் என்னை நானே கொஞ்சம் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் காதும் முழு யோக்கியன் கிடையாது. இன்றைய பறவைகளில் அளந்து பார்த்தவர்கள், கிடைமட்டக் குழல் உண்மையில் அவ்வளவு கிடைமட்டமாக நிற்பதில்லை, இனத்துக்கு இனம் நன்றாகவே மாறுகிறது என்கிறார்கள். மண்டையோட்டோடு அது அமைந்திருக்கும் கோணமும் டைனோசர்களில் மாறிக்கொண்டே இருக்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஃப்ளாக்குலஸ் குழியின் அளவை வைத்து வாழ்க்கை முறையைச் சொல்லிவிட முடியாது என்று 2017இல் இன்னொன்று. குழி நிறைய அந்தக் கதுப்புதான் இருந்தது என்பதற்கும் உத்தரவாதமில்லை, ரத்தக் குழாயும் பங்கு போட்டிருக்கலாம். தொளதொளச் சட்டைப் பிரச்சினை இங்கேயும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. இருந்தாலும் நான் காதை நம்புவதற்குக் காரணம், இங்கே நாம் கேட்பது சின்னக் கேள்வி, தப்பு நடந்தால் சில டிகிரி தப்பும். அங்கே பத்து மடங்கு தப்புகிறது.

கீழ்ப் பாதியான காக்ளியாவுக்கு வருவோம். ஸ்டிக் வால்ஷ் குழுவினர் 2009இல் பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் அளந்து, அந்த எலும்புக் குழலின் நீளத்துக்கும் கேட்கும் திறனுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். பெரிய உடம்புக்காரர்கள் தாழ்ந்த ஒலிகளில் கெட்டி. பெரிய டைனோசர்களின் மேல் வரம்பு 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருந்திருக்கும் என்று 2005இல் ஒரு கணிப்பு. நமக்கு இளமையில் 20,000 வரை கேட்கும். 3,000 என்றால் ரொம்பக் குறைவு போலத் தோன்றும், ஆனால் பழைய தொலைபேசிக் கம்பி வழியாக நம் குரல் போய்ச்சேர்ந்ததும் கிட்டத்தட்ட அந்த வரம்புக்குள்தான், யாரும் குறைசொல்லவில்லை. தாழ்ந்த ஒலி நெடுந்தூரம் போகும், மரங்களைச் சுற்றிக்கொண்டு போகும். தொலைவில் ஒரு பெரிய தாவர உண்ணி அசைந்து வருவது இந்தக் காதுக்குப் போதுமான செய்தி. இருட்டில் சருகுக்குள் ஓடும் பூச்சியைக் கேட்டுப் பிடிக்கும் காது வேறு, அது மங்கோலியாவின் கோழி அளவு டைனோசரான ஷுவூயியாவுக்கு இருந்தது, கூகைக்கு நிகராக. டைரனோசார் அந்தப் போட்டியில் இல்லை.

எல்லாப் பெரிய ஊனுண்ணிக்கும் ஏதாவது ஒரு புலன் பிரமாதமாக இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் பேரியோனிக்ஸையும் செரடோசுகாப்ஸையும் கிறிஸ் பார்க்கர் குழுவினர் 2023இல் ஸ்கேன் செய்தார்கள். இரண்டும் முதலை போன்ற நீள மூக்கோடு மீன் பிடித்த ஸ்பைனோசார் உறவுகள், உள்ளே ஏதாவது விசேஷம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். ஒன்றுமில்லை. முகர்ச்சிக் குமிழ் சுமார், காது தாழ்ந்த ஒலிக்கு, மூளை மற்ற பெரிய தெரோபாட்களை, அதாவது இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் ஊனுண்ணியான டைனோசர்களைப் போலவே. முகம் அவ்வளவு மாறியும் உள்ளே பழைய வீடு அப்படியே இருந்திருக்கிறது. இந்த மாதிரி சப்பென்ற முடிவுகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், யாரோ ஆசையை அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. டார்லா ஸெலனிட்ஸ்கி குழு 2009இல் பல தெரோபாட்களின் முகர்ச்சிக் குமிழை உடம்பு அளவோடு சேர்த்து ஒப்பிட்டதில் டி. ரெக்ஸ் எதிர்பார்ப்பைத் தாண்டி நின்றது, வேலோசிராப்டரின் உறவுகளும் அப்படியே. டி. ரெக்ஸ் வேட்டைக்காரனா பிணந்தின்னியா என்ற பழைய பஞ்சாயத்தில் இந்த மூக்கை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள், அதிலிருந்தே தெரியும் அது யாருக்கும் சாட்சி இல்லை என்று. என்னை அதை விடக் கவர்ந்தது கண்ணுக்குப் பின்னால் முக்கிளை நரம்பு வெளியேறும் பெரிய துளை. முக உணர்வைச் சுமக்கும் அந்த நரம்பு தாடைக்குள் எப்படிக் கிளைக்கிறது என்று ஜப்பானியர் இருவர் 2021இல் பார்த்தார்கள், கீழ்த்தாடை முனையில் அது முதலைகளிலும், அலகால் சேற்றைத் துழாவி உண்ணும் பறவைகளிலும் இருப்பது போலப் பின்னிக் கிடந்தது. எலும்பை நொறுக்கும் அந்த வாயின் நுனி தொட்டுணர்வதில் மிக நுணுக்கமாக இருந்திருக்கிறது.

அந்தத் தாடையை முதலைகள் எதற்கெல்லாம் பயன்படுத்துகின்றன என்று தேடும்போதுதான் முட்டை விஷயத்துக்கு வந்தேன். பொரியும் நேரம் வந்ததும் முதலைக் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கீச்சிடும். தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். பறவைக் குஞ்சுகளும் கத்தும், அங்கும் கேட்பதற்குப் பெற்றோர் உண்டு. 2021இல் மைக்கேல் ஹான்சனும் கூட்டாளிகளும் ஊர்வன, பறவை, டைனோசர் உட்செவிகளைக் குவித்து வைத்துப் பார்த்து ஒரு யோசனை சொன்னார்கள். முதலைக்கும் டைனோசருக்கும் பொதுவான மூதாதையர் காலத்திலேயே காக்ளியா நீள ஆரம்பித்துவிட்டது, அது நீண்டது இரையைக் கேட்க இல்லாமல், குஞ்சுகளின் உச்சஸ்தாயிக் கீச்சொலியைக் கேட்கவாக இருக்கலாம் என்று. டி. ரெக்ஸின் மண்டையோட்டில், குழல்களுக்குக் கீழே விரல் போல நீண்டு இறங்கும் அந்தச் சுரங்கத்தின் படத்தை நான் இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். இதை முதலில் திறந்துவைத்தது மண்ணுக்குள்ளிருந்து கத்திய ஏதோ ஒரு குஞ்சாக இருக்கலாம்.